பின்சட்டத்தில் மூன்று அங்குலம்

ஒரு காரின் பின்பக்கத்தில் மூன்று அங்குலம் இடம் உண்டாக்க ஒழுங்கான ஆளுக்கு இரண்டு வாரம் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. டயர் அகலமாகிவிட்டது, அவ்வளவுதானே என்பார்கள். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

நேற்று டுவைட் இங்கே வந்து, என் மகள் கார்லாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பின் அச்சின் போல்ட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேன் என்றிருப்பான். எட்டு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சரியாகத்தான் முறுக்கினான். பின்னாலேயே நின்று ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன். கார்லாவைக் கட்டிக்கொள்ள இருந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. வண்டி வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

கார்லாவின் நோவா காருக்கு, லாரிக்கு இருக்கிற மாதிரி தனி சேசிஸ் கிடையாது. உடம்பும் எலும்பும் ஒன்றேதான். பின்னால் இரண்டு பக்கமும் தகட்டைப் பெட்டிபோல மடித்த சட்டம் ஒன்று ஓடும். அகலமான பந்தய டயர் வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தின் பக்கவாட்டை வெட்டி, தடித்த தகட்டால் மூட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளை உள்ளே தள்ளி, அவற்றின் முன்முனைக்குப் புதிதாகத் தாங்கி வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியை முன்னால் தள்ளுகிற பலம் முழுவதும் அந்தத் தாங்கி வழியாகத்தான் வரும். முப்பத்தோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் டயரை அகலமாக்க நினைக்கிற எவனும் முதலில் என் பட்டறைக்குத்தான் வருவான்.

போன ஜூலையில் கார்லாவும் வந்தாள். இருபத்துநாலு வயது. பட்டறைக் கதவில் சாய்ந்து நின்றபடி கேட்டாள்.

"அப்பா, பின்னாடி மூணு அங்குலம் வேணும்."

"எதுக்கு?"

"டுவைட் புது இன்ஜின் போட்டான்ல, இந்த டயர் நின்ன இடத்திலேயே சுத்துது. புகை மட்டும்தான் முன்னாடி போகுது."

"அவன் இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லு."

"அவனையே அடக்க முடியல, இன்ஜினை எங்க அடக்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆகஸ்ட்ல நார்த் கரோலினாவிலேருந்து ஒருத்தர் வர்றாருப்பா. அவங்க டீம் வண்டிய ஓட்ட ஆள் தேடுறாங்களாம். கால் மைல பத்து செகண்டுக்குள்ள ஓடிட்டா எடுத்துக்குவாங்க. அங்கேயே போய்த் தங்கணும்" என்றாள்.

"அப்ப இங்க?"

"ஃபோன் இருக்கேப்பா."

கார்லாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அம்மா ஃபுளோரிடாவுக்குப் போனாள். போகும்போது அவளும் ஃபோன் இருக்கிறது என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு கார்லாவுக்குத் தலைவாரி விட்டதும், காய்ச்சலுக்குக் கண் விழித்ததும், பள்ளிக்கூட நாடகத்துக்கு இறக்கை தைத்துக் கொடுத்ததும் நான்தான். எங்கள் வீட்டில் இரண்டே நாற்காலி. மூன்றாவது வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி என்று சொன்னேன். வலது பக்கத்தை முறையாக முடித்தேன். இடது பக்கச் சட்டத்தையும் வெட்டி அழகாக மூடினேன். இடது தாங்கிக்கு மட்டும் முழு வெல்டிங் ஓட்டவில்லை. பட்டாணி அளவில் எட்டுப் புள்ளி வைத்தேன். மேலே பட்டி பூசி, வெல்டிங் ஓட்டின மாதிரியே விரலால் வரிவரியாக இழுத்துவிட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். நானே குனிந்து பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

என் எண்ணம் இதுதான். பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பாள். அந்த முதல் உதையில் எட்டுப் புள்ளியும் விட்டுப்போகும். பத்தடிக்குள் வண்டி பின்பக்கம் அமர்ந்துவிடும். நாலு பேர் கைகொட்டிச் சிரிப்பார்கள். கரோலினாக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை நானே எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்திருப்பேன். அவள்மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

பந்தயத்துக்கு முன்னால் வண்டிகளைச் சோதிக்கிற ஆர்வில் என்பவன் எனக்குப் பழக்கம். "நீ வெட்டினதா வெர்லின்? அப்ப நான் எதுக்கு முதுகை வளைக்கணும்?" என்று சொல்லிக் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினான். அவனைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். என்னை நம்பினான், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பந்தயத் தடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வெட்டி ஒட்டின வண்டியை முதல் ஓட்டத்தில் யாரும் உதைத்துக் கிளப்ப மாட்டார்கள். முதல் ஓட்டம் வெல்டிங் வைத்தவனுக்கு. அவன் கிளம்பும் கோட்டருகில் நின்று, அடியில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பான். ஓட்டுகிறவர் மெதுவாகக் கிளம்பி, பாதி தூரத்துக்குப் பிறகுதான் மிதிப்பார். நானே அறுபது, எழுபது வண்டிகளுக்கு அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் கரோலினாக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் அந்த வழக்கத்தையெல்லாம் பார்க்கமாட்டாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் எட்டு வண்டிகள் நின்றன. கார்லா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் குனிந்தேன்.

"முதல் ஓட்டம் மெதுவாத்தான் எடுப்பேன்பா" என்றாள்.

"அந்த ஆள் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. ஆரம்பத்திலேயே முழுசா மிதி."

"பார்க்கட்டும். ரெண்டாவது ஓட்டம் அவருக்கு. முதல் ஓட்டம் உங்களுக்கு."

"என் வெல்டிங்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"ஐயோ, நம்பிக்கை இல்லாமதான் இதுல வந்து உக்கார்ந்திருக்கேனா? ஊர்ல எல்லாருக்கும் செய்யிற மரியாதைய என் அப்பாவுக்குச் செய்ய வேணாமா? போங்க, கோட்டுகிட்ட போய்க் காதைத் தீட்டிக்கிட்டு நில்லுங்க."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கிளம்பினால் அந்த எட்டுப் புள்ளியும் தாங்கும். தாங்கிவிட்டு, வேகம் ஏறின பிறகு விடும். அதைக் கணக்குப் போட எனக்குக் காகிதம் வேண்டியதில்லை.

இரண்டிரண்டு வண்டியாக விடுவார்கள். நாலு ஜோடி போக ஆறு நிமிடம் ஆனது. இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் பதில் சொல்லாவிட்டால் கீழே படுத்துப் பார்ப்பாள். அவள் விரலுக்குப் பட்டியும் இரும்பும் வித்தியாசம் தெரியும். அன்று மாலையே போய்விடுவாள். ஃபோன்கூடச் செய்ய மாட்டாள். அதனால் அவள் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, கன்னத்தில் தட்டிவிட்டு, கோட்டருகில் போய் நின்றேன். டயரைச் சூடாக்கச் சுற்றும்போதே புள்ளிகள் விட்டுப்போகலாம் என்று நினைத்தேன். நினைத்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மெதுவாகக் கிளம்பினாள். இடது பக்கம் விரலில் சொடக்கு எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. அதைக் கேட்கத்தானே நிறுத்தியிருந்தார்கள். பாதி தூரத்தில் மிதித்தாள். கடைசிக் கோட்டைத் தாண்டி பிரேக்கில் கால் வைத்தபோது இடது ஸ்பிரிங் கழன்றது. அச்சு ஒரு பக்கமாகத் திரும்ப, வண்டி சுவரைப் பார்த்துப் போனது. பலகையில் ஒன்பது புள்ளி ஒன்பது ஆறு செகண்ட் என்று விழுந்திருந்தது. மெதுவாகக் கிளம்பியும் ஒன்பது புள்ளி ஒன்பது ஆறு. கரோலினாக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் கால் மைல் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது டுவைட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

இடது பக்கம் முழுவதும் சுவரில் தேய்ந்து கிழிந்துபோயிருந்தது. வெல்டிங் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடக்கத்துக்கு மறுநாள் டுவைட் வந்து, "சார், நான் போல்ட்டைச் சரியா முறுக்கினேனா? நீங்க பார்த்தீங்கல்ல?" என்று கேட்டான். "ஞாபகம் இல்லையேப்பா" என்றேன். பிறகு அவனுக்கு சூப் சுடவைத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தான். அப்புறம் ஞாயிறுதோறும் வந்தான். எனக்கும் பேச்சுத் துணையாக இருந்தது.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கார்லாவைக் கொன்றது நான். தாங்கியில் எட்டுப் புள்ளி வைத்ததை ஒரு மடத்தனம் என்று நீங்கள் எழுதினாலும், அந்த ஆறு நிமிடத்துக்கு வேறு பெயர் எழுத வேண்டியிருக்கும். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஷெரிஃப். உங்களுக்கும் மகள் இருக்கிறாள், உங்களுக்குப் புரியும். கார்லா சர்ச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறாள், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கரோலினா போயிருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே கஷ்டமாக இருந்திருக்கும்.