வாய்க்காலில் இறங்கிய பிரேசில்காரர்

ஹலோ... ஹலோ, மசா! நான்தான்டா, ஷிகேரு, ஊர்லேருந்து... வைக்காத, வைக்காத! இந்த வருஷம் ஊர்த்தலைவர் முறை எனக்கு, பேசித்தான ஆகணும்... ஆமா, ஆமா, உன் பூட்டிக் கெடக்குற வீட்டு விஷயம்தான்.

விக்க மாட்டேன்னு தரகர்கிட்ட சொல்லிட்டியாமே?... ம்... வெளிநாட்டுக்காரர் ஊரோட ஒட்ட மாட்டாரு, அப்புறம் ஊரு உன்னைத்தான் ஏசும்... அதானே? சரி, சரி. நேத்து நடந்ததைக் கேளு.

நேத்து வாய்க்கால் தூர் வாரினோம். ஆமாடா, நடவுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு ஆள்... நீ பதினோரு வருஷமா வராத அதே வேலைதான்... அட, கோவிச்சுக்காத!

உன் வாசல்லதான் எல்லாரும் மம்பட்டியோட நிக்கிறோம். உன் வீட்டைக் கேக்குற அந்த எடில்சன், இன்னொரு தடவை பாக்கலாம்னு பொண்டாட்டியோட வந்து எறங்குறாரு... ஆமா, பிரேசில்காரர்தான், டவுன் ஃபாக்டரில வெல்டிங் வேலை. எங்களைப் பாத்ததும் என்ன நெனச்சாரோ, பேண்ட்டைச் சுருட்டிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கிட்டாரு!... யாருடா கூப்பிட்டா? அவராத்தான்! மூணு மணி நேரம். உன் வாசல் பாலத்துக்கு அடியில மூங்கில் வேர் அடைச்சிருக்குமே... ஆங், அதேதான்... ஒத்த ஆளா வெட்டி எடுத்தாரு. அந்தம்மா எம் பொண்டாட்டி ஃபுமியோட உக்காந்து சோத்து உருண்டை பிடிக்குது.

இரு, இனிமேதான் கூத்தே. கையைக் கழுவிட்டு எங்கிட்ட வந்து குனிஞ்சு கும்பிட்டு, "ஐயா, நான் பாஸா?"ங்கிறாரு... பரீட்சைன்னு நெனச்சிருக்காரு மசா! வீடு குடுக்க ஊர் வைக்கிற பரீட்சையாம்!... சிரி, சிரி. நாங்களும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுதான் சிரிச்சோம்.

ஆனா அவரு சிரிக்கலடா. பதில் வரட்டும்னு அப்படியே நிக்கிறாரு. ஏற்கெனவே மூணு ஊர்ல வீடு இல்லன்னுட்டாங்களாம். எனக்கு மனசே கேக்கல...

ஆமா... ஆமாண்டா, பாஸ்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமதான் சொன்னேன், திட்டிக்கோ... ம்... ம்...

ஹலோ? என்னது?... அதை வித்துட்டா உனக்கு ஊர்னு சொல்லிக்க எதுவும் இல்லையா?... அடப் பைத்தியக்காரா! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? அந்த ஆள் மேல பழியைப் போட்டுட்டு!

திரும்பி வரணும்னு இருக்கா? அப்ப வாயேன்!... இல்ல, இல்ல, அந்த வீடு அவருக்குத்தான், வாக்குக் குடுத்தாச்சு. எங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு, அது காலிதான். அதை வாங்கிக்க... நெசமாத்தான் சொல்றேன்... கூரை ஒழுகும்தான். உன்னுது மட்டும் ஒழுகலையா?

சரி, இப்ப விக்கிறியா, இல்லையா? வாயைத் தொறந்து சொல்லு... சத்தமா... ஆங்! ஃபுமி, குடுத்துட்டான்டி! ஓடு, அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணு... ஃபோன் எங்கிட்டயா இருக்கு?... மசா, நீ வைடா முதல்ல!