ஏரிக்கரையில் ஒரு கல்யாண போட்டோக்காரர்

— மண்டபத்துல கூப்புடறாப்பலயே மொதச் சுத்துப் பந்தயத்துலயும் கூப்புட்டுப்போட்டீங்களேங்க. "நிஷா, இங்க பாரு, சிரி"ன்னு. அம்மிணி திரும்பினா, கயாக் படகு ஒரு பக்கமாச் சாஞ்சுருச்சு. கவுந்திருந்தா பைனலுக்கே போயிருக்க மாட்டா.

— இன்னா பண்றது ஹேமா. பொண்ணு மாப்ளய கூப்ட்டு கூப்ட்டு வாய் பயகிப்பூடுச்சி.

— பைனல்ல அந்த வாயைத் தொறக்காதீங்க, சொல்லிப்போட்டேன். லென்சு எது மாட்டியிருக்கீங்க?

— மேடைக்கு மாட்றதுதான். அம்பது.

— அதுல உங்க தங்கச்சி எறும்பாட்டம் தெரிவா. ஆவடி ஏரி என்ன கல்யாண மேடையாங்க? எழுவது-எரநூறு ஜூம மாட்டுங்க. ஷட்டர் எத்தனை?

— நூத்தி இருவத்தஞ்சு.

— அட சாமி. தாலி கட்டறதுக்கு அது போதும், துடுப்பு வீசறதுக்கு ஆகுமுங்களா? ரெண்டாயிரம் வெய்ங்க. அப்பத்தான் தண்ணி துளித்துளியா நிக்கும்.

— படம் இருட்டிக்குமே.

— வெயிலுதான் இந்தப் போடு போடுதே. பத்தலீன்னா ஐஎஸ்ஓவ ஏத்துங்க. போகஸ் அவ கூடவே ஓடறாப்பல வெச்சுக்கோங்க.

— இவ்ளோ தெரிஞ்சிகினு கீற, நீயே எடேன்.

— எனக்குப் படிச்ச அறிவுதானுங்க. கை உங்களுக்குத்தான் நிக்கும்.

— எங்க நிக்குது. சாயங்காலம் நசரத்பேட்டைலேர்ந்து மாப்ள ஊட்டு ஆளுங்க வராங்க. நைனா அவள திரும்ப அவங்களோடவே அனுப்பிடுவாரு. புருஷன உட்டு வந்துட்டு ஏரில கூத்தடிக்கிறாளேன்றாரு.

— அதுக்குத்தானே இந்தப் படம். மாமா இந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டாரு. தண்ணியில அவ எப்படி இருக்கான்னு ஒரு படம் பார்த்தாருன்னா மனசு எறங்குவாருங்க.

— எறங்கலன்னா?

— மொதல்ல முட்டி போடுங்க. தண்ணி மட்டத்துலருந்து எடுத்தாத்தான் அவ ஒசரம் தெரியும். கொடி ஆட்டிப்போட்டாங்க, பாருங்க.

— இன்னா வீச்சு பாரு ஹேமா. திருமுல்லைவாயல் கோயில் கொளத்துல கால் நனைக்கவே பயந்த பொண்ணு இது.

— பேசாம அமுக்குங்க. வுடாம அமுக்கிட்டே இருங்க.

— மூணாவதா வரா. இல்ல, ரெண்டாவது. துடுப்பு போடறதே தெரியல, தண்ணிதான் தெரியுது. முந்திட்டா ஹேமா, முந்திட்டா.

— மொத ஆளு நம்ம அம்மிணிதானுங்க. என்ற கண்ணு. எனக்கு அழுகாச்சியே வந்துருச்சு. நீங்க கூப்புடலீங்களே?

— ஒதட்ட கடிச்சிகினு கீறேன்.

— குடுங்க பாக்கலாம். இதுல துடுப்பு மறைக்குது. இதுல முதுகு. இதுல... மூஞ்சி பூரா தண்ணிங்க, ஒவ்வொரு துளியும் தனித்தனியா நிக்குது. பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்கறா. நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தன வருஷத்துல இப்படிச் சிரிச்சுப் பாத்ததே இல்லீங்க.

— அதான் படம். ஊட்டுக்குப் போனதும் பீரோலேர்ந்து அவ கல்யாண ஆல்பத்த எடு. ரெண்டையும் நைனா முன்னாடி வெச்சிடலாம்.

— ஆல்பம் எதுக்குங்க?

— மொத பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் அவரே தேடிப் பாக்கட்டும். இந்தச் சிரிப்பு அதுல ஒரு படத்துலயும் கெடியாது. அதையும் எடுத்தவன் நான்தான்.