சங்கு ஊதியும் எழுந்து போகாத காத்தாயி

பெயர்: அமாவாசை. தகப்பனார் பெயர்: நல்லான் (காலஞ்சென்றவர்). வயது: ஆதார் அட்டையில் 58, உண்மையில் அதற்கு மேல் இருக்கும். தொழில்: சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி; வெடி வைக்கும் நேரத்தில் சாலையில் சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்துவது என் வேலை. முகவரி: கிழக்குத் தெரு, விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ரெங்கம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதுவதாக இருந்தது. எனக்கே எழுதத் தெரியும் என்று சொன்னேன். பெண் காவலர் பூங்குழலி அவர்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "மெதுவா எழுதுங்க தாத்தா, ஸ்டேஷன் எங்கயும் ஓடிடாது" என்றார். சென்ற ஆண்டுதான் ஊராட்சிப் பள்ளியில் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றேன். இது நல்ல பேனா, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆகவே என் கையாலேயே எழுதுகிறேன்.

இந்தப் புகாரில் விசாரிக்கப்படும் காத்தாயி என்பவர் அதே சுரங்கத்தில் கல் உடைக்கும் கிரஷர் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கல்தூளைக் கூட்டி அள்ளும் வேலை செய்கிறார். என் மகன் சுரேஷ்குமார் அவருடைய மகளைக் கட்டியிருப்பதால் எனக்குச் சம்பந்தி முறை. எங்கள் தொழிலாளர் சங்கத் தேர்தலில் ஓட்டுப்பெட்டியைத் திறந்து சீட்டுகளை மாற்றினார் என்பது அவர்மீது புகார். புகார் வந்த அன்றே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, பேர்மேல் உள்ள பழி நீங்கிய பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கணவர் இல்லை, நிலமும் இல்லை, அந்த வேலை மட்டுமே உண்டு.

எங்கள் சங்கத்தின் செயலாளர் இராமலிங்கம். தொடர்ந்து மூன்று முறை அவரே செயலாளர். ஒப்பந்தக்காரருடன் போட்டிருந்த பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், புதிய ஒப்பந்தம் பேச இந்த ஆண்டு தை மாதத்திலிருந்து அவர் போய் வந்தார். பேச்சுவார்த்தை எங்கள் சுரங்கத்தில் நடக்கவில்லை, அரியலூரிலும் நடக்கவில்லை, பெரம்பலூரில் ஒரு ஓட்டல் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. ஏன் பெரம்பலூர் என்று கேட்டதற்கு, அதுதான் இரண்டு பேருக்கும் நடு என்றார். ஒப்பந்தக்காரர் வீடு அரியலூரில் இருக்கிறது, எங்கள் சுரங்கமும் அரியலூர்ப் பக்கம்தான், இதில் பெரம்பலூர் எப்படி நடுவில் வரும் என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை. அதன் பிறகு அவர் பெரம்பலூர் போகும் நாளில் எந்தச் சட்டை போட்டுப் போனார், எந்தப் பஸ்ஸில் வந்தார், வந்ததும் வீட்டில் சாப்பிட்டாரா சாப்பிடவில்லையா என்றெல்லாம் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். கேட்டால், "நடந்துக்கிட்டு இருக்கு, பொறுங்க" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் கிரஷர் வாசலில் எல்லோரும் இருக்கும்போது காத்தாயி, "பேசப் போறவரு வாயி வெத்தலையில செவந்து வருது, நம்ம கோரிக்கை மட்டும் வெளுத்து வருது" என்றார். கிரஷர் சத்தத்தில் வேலை செய்து காது மந்தமாகிவிட்டதால் அவர் எதையும் உரக்கத்தான் சொல்வார். அது இராமலிங்கம் காதிலும் விழுந்தது.

எங்கள் முதல் கோரிக்கை நீண்ட காலம் வேலை செய்தவர்களை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது. சித்திரை மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். அதில் நிரந்தரம் இல்லை. கூலி உயர்வு பேருக்கு இருந்தது. ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். டிப்பர் ஓட்டும் வீரமணி, "நிரந்தரம் கேட்டா ஷூ குடுக்குறான். மாட்டிக்கிட்டு வூட்டப் பாத்து நடங்கடான்னு சொல்றானா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் சொன்னபடி எல்லோரும் ஷூவைக் கொண்டுபோய்ச் சங்க ஆபீஸ் வாசலில் எறிந்தோம். நானும் எறிந்தேன். இராமலிங்கம் வெளியே வந்து குவியலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் அந்த வழியாகப் போனபோது குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு பேர் குனிந்து தங்கள் அளவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "நாய் தூக்கிட்டுப் போயிருமேன்னு பாத்தோம்" என்றார்கள். நானும் நாய்க்காகத்தான் வந்தேன் என்று சொல்லி என் ஜோடியை எடுத்துக்கொண்டேன். வெயில் நேரத்தில் எங்கள் சுரங்கத்தில் ரப்பர் செருப்பு இளகிக் கல்லில் ஒட்டும். அதற்கடுத்த நாள் ஆபீஸ் வாசல் சுத்தமாக இருந்தது.

அதன் பிறகு சங்கத் தேர்தல் வந்தது. இராமலிங்கத்தை எதிர்த்து வீரமணி நின்றார். இராமலிங்கம் இந்த முறை ஒழிந்தார் என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் சொன்னார்கள். நானும் வீரமணியின் படம் போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு அவருக்காக நோட்டீஸ் கொடுத்தேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத்துக்கு விடுமுறை என்பதால், அங்குள்ள ஓய்வுக் கொட்டகையில் ஓட்டுப்பதிவு நடந்தது. பெரம்பலூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் தேர்தல் அலுவலராக வந்தார். ஓட்டுப்பெட்டிக்கு ஒரு பூட்டு போதும் என்று அவர் சொன்னதை இரண்டு தரப்பும் ஏற்கவில்லை. ஆகவே அவர் பூட்டு ஒன்று, இராமலிங்கம் பூட்டு ஒன்று, வீரமணி பூட்டு ஒன்று என மூன்று பூட்டுகள் போடப்பட்டு, சாவிகள் அவரவரிடமே இருந்தன. அதன் பிறகு பெட்டிக்குக் காவலாகத் தரப்புக்கு ஒருவர் உட்கார்ந்தார்கள். இராமலிங்கம் தரப்பில் அவருடைய தங்கை மகன் விக்கி. வீரமணி தரப்பில் காத்தாயி. காத்தாயியை வைத்தவர் வீரமணிதான். "அத்தை உக்காந்தா கிரேன் வச்சாத்தான் எந்திரிக்கும்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

மதியத்துக்குள் அனேகமாக எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டோம். அப்போது விக்கி தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். சற்று நேரத்தில், வெடிக்கு முன் எச்சரிக்கும் சங்கு ஊதியது. அன்று வெடி கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஓடினோம். கல் பறந்து வந்து ஆள் விழுந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். சங்கு ஊதினால் கையில் சோறு இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவோம். நாங்கள் ஓடுவதைப் பார்த்து வழக்கறிஞரும் ஓடினார். மிச்சம் இருந்த வெற்றுச் சீட்டுகள் மேசைமேலேயே கிடந்தன.

பாதுகாப்பு மேட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து கொட்டகை நன்றாகத் தெரியும். காத்தாயி பெட்டியருகே உட்கார்ந்தபடியே இருந்தார். கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை. அதன் பிறகு நான் கொட்டகையை நோக்கி ஓடினேன். சங்கு ஊதிய பிறகு உள்ளே போவது தவறு, கொடிக்காரன் போவது அதைவிடத் தவறு. போனேன். அவர்மேல் இருந்து ஒரு நிமிடமும் என் கண்ணை எடுக்கவில்லை. நான் பாதி வழியில் இருக்கும்போது, சங்கு ஊதும் அறை இருக்கும் பக்கத்திலிருந்து விக்கி கொட்டகைக்கு வந்தார். அவருடைய ஒரு கை சட்டைக்குள் இருந்தது. சட்டைக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வாசலில் வந்து காத்தாயியைக் கண்டதும் நின்றுவிட்டார். காத்தாயி அவரிடம், "எங்கடா போனீங்க எல்லாரும்? சோறு போடுறாங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. விக்கியும் அவர் காதுக்கு எட்டும்படி உரக்க, "இல்ல பெரியம்மா, சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. சந்தேகம் உண்டு.

அதன் பிறகு நான் காத்தாயியின் காதருகே குனிந்து, "சம்பந்தி, சங்கு ஊதுச்சு, எந்திரிங்க" என்று கத்தினேன். அவர், "ஊதட்டும்ணே. நானும் வந்துட்டா பெட்டிய யாரு பாக்குறது?" என்றார். எவ்வளவு சொல்லியும் எழவில்லை. ஆகவே நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முந்தானையில் முடிந்திருந்த வறுத்த கடலையில் எனக்குக் கொஞ்சம் கொடுத்தார். இரண்டு பேரும் தின்றோம். வெடி வெடிக்கவில்லை. அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மூன்று பூட்டுகளும் போட்டபடி இருந்தன. சங்கு ஊதியது யார் என்று கேட்டதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையில் சீட்டுகளை எண்ணியதில் இராமலிங்கம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். யாரும் கை தட்டவில்லை. இராமலிங்கமே நம்பாமல் இன்னொரு முறை எண்ணச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே கணக்கு வந்தது. சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ அத்தனை சீட்டுதான் பெட்டியில் இருந்தது, மேசைமேல் கிடந்த சீட்டுகளும் குறையவில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். அதற்கு வீரமணி, "கணக்கு இவ்வளவு சுத்தமா வருதுன்னா அதுலதான் சார் சந்தேகமே" என்றார். அவருடைய பூட்டு அவரிடம் இருந்த சாவியால்தானே திறந்தது என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, அது அரியலூர்க் கடைத்தெருவில் வாங்கிய பூட்டு, எந்தச் சாவிக்கும் திறக்கும் என்றார். அப்புறம் அதை ஏன் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒவ்வொருவரும், "நான் வீரமணிக்குத்தாம்ப்பா போட்டேன்" என்று கேட்காமலே சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை வீரமணி இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். பெட்டியருகே தனியாக இருந்தவர் காத்தாயி மட்டுமே, விக்கி வந்து அவரிடம் பேசியிருக்கிறார், ஆகவே இரண்டு பேரும் சேர்ந்து சீட்டை மாற்றிவிட்டார்கள் என்பது புகார். இன்று வீரமணிதான் என்னைச் சாட்சி சொல்ல அழைத்து வந்தார். வரும் வழியில் என்னிடம், "பெரியப்பா, நீங்க போனப்ப அத்தை பெட்டி மேல குனிஞ்சு நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். தேர்தல் ரத்தாயிரும். அத்தைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்குறேன்" என்றார். நான் பார்த்தபோது காத்தாயி குனிந்து நிற்கவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார். பெட்டியை அவர் தொடவில்லை.

நான் சம்பந்தி என்பதால் இதை நம்பமாட்டார்கள் என்று தெரியும். ஆகவே இன்னொன்றும் எழுதுகிறேன். இராமலிங்கத்துக்கு யாருமே ஓட்டுப் போடவில்லை, அப்படியிருக்க அவர் பேரில் அத்தனை சீட்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் வீரமணி தரப்பின் ஒரே கேள்வி. போட்டவர்கள் வாய் திறந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. இதுவரை ஒருவரும் திறக்கவில்லை.

நான் இராமலிங்கத்துக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

மறைப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் பிரித்தேன். முன்பெல்லாம் சின்னம் பார்த்துப் போடுவேன். இந்த முறை இரண்டு பெயர்களையும் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் நின்றேன். அதற்கு முந்தைய வாரம் வீரமணியிடம், நிரந்தரம் வாங்கித் தருவேன் என்கிறாயே, எப்படி வாங்குவாய் என்று கேட்டிருந்தேன். "அத வெளிய சொன்னா கம்பெனிக்காரன் உஷாராயிருவான் பெரியப்பா" என்றார். இராமலிங்கமும் முதல் தேர்தலில் இதையேதான் சொன்னார். இராமலிங்கம் எங்கே மறைப்பார், எவ்வளவு மறைப்பார் என்பது எனக்குப் பழகிவிட்டது. வீரமணியிடம் அது எனக்குத் தெரியவில்லை. ஆகவே இராமலிங்கம் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். அப்போது என் சட்டையில் வீரமணியின் பேட்ஜ் இருந்தது. வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

பெட்டியில் இருந்தவற்றில் ஒரு சீட்டுக்கு நான் பொறுப்பு. மற்ற சீட்டுகளைப் போட்டவர்களும் என்னைப்போலத்தான் பேட்ஜ் குத்திக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் பெயர்களை என்னால் சொல்ல முடியாது. ஆனால் காத்தாயி மாற்றிய சீட்டு ஒன்றும் அதில் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று காவல்துறையினர் என்னைக் கேட்கவில்லை, நானாகவே எழுதியிருக்கிறேன். வீரமணி வெளியே பெஞ்சில் இருக்கிறார். இந்தத் தாளை அவர் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காத்தாயிக்குக் கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் மட்டுமே. வேறு ஒருவர் சொல்லிக் கொடுத்து எழுதிய வரி ஒன்றும் இல்லை. இதை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானே முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன், நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)
ந. அமாவாசை