பந்தைத் தர மறுத்த ஃபெலெட்டி லோலோஹேயா அவர்களுக்கு

பசிபிக் பெருங்கடல் பெற்றெடுக்க, ஈரிப் பேரேரி தத்தெடுத்த பெருந்தகையே! பதினான்கு ஆட்டப் பருவங்கள் பந்தின்மேல் குனிந்து நின்றும், பழிச்சொல்லுக்கு ஒருநாளும் குனியாத பண்பாளரே! டொலீடோ ஹெரன்ஸ் அணியின் உடை அறை, சலவை அறை, சமையலறைப் பணியாளர்களாகிய நாங்கள் அன்பு பெருக அளிக்கும் மடல் இது.

டோங்கா நாட்டின் ஹாபாய்த் தீவுக் கூட்டத்தில் பிறந்து, பதினேழு வயதில் சால்ட் லேக் நகரத்து அத்தை வீட்டுக்கு வந்தபோது தாங்கள் அறிந்த ஆட்டம் ரக்பி ஒன்றே. பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடும் எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் முதல் நாளே பந்தைப் பிடுங்கிக்கொண்டு தவறான திசையில் ஓடியதைத் தாங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அத்தகைய தாங்கள், முன்வரிசையின் நடுவே குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்து, அதை வாங்கி எறிபவரைத் தங்கள் உடம்பால் காக்கும் கடும்பணியைக் கற்றுத் தேர்ந்தீர்கள். பந்து போகும் பக்கமே பார்க்கும் கூட்டம் தங்களைப் பார்ப்பதில்லை. தங்கள் சட்டையைத் துவைப்பவர்களுக்குத்தான் தெரியும், தாங்கள் பட்டது என்னவென்று.

"ஏய் மலை, ஆணி வச்ச ஷூவோட உள்ள வராத, இப்பத்தான் தொடைச்சேன்" என்று எங்கள் சமையற்கட்டின் டார்லீன் ஸாபோ தங்களை விரட்டாத நாளில்லை. வெறுங்காலோடு திரும்பி வந்து, சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைத்து, எங்களுக்கே பரிமாறிய கைகள் தங்களுடையவை.

ஆறாண்டுகளுக்கு முன் நடந்த அரையிறுதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. இன்னும் நான்கு கஜம் முன்னேறினால் வெற்றி. ஒரு நிமிடம்கூட மீதமில்லை. பந்தெறியும் ப்ரென்டன் ஹாலோவே தலையில் அடிபட்டு விழுந்து, தாமே எழுந்து நின்றார். எழுந்துவிட்டாரே என்று யாரும் அவரைச் சோதிக்கவில்லை. ஆனால் அடுத்த நகர்வுக்கு அவர் கூவிய குறிச்சொல், அந்த ஆண்டு அணியில் எவரும் பயன்படுத்தாத பழைய சொல். பந்தின்மேல் கை வைத்திருந்த தாங்கள் நிமிர்ந்து திரும்பினீர்கள்.

"உன் பொண்ணு பேரு என்ன, சொல்லு."

"பந்தைக் குடு, ஃபெலெட்டி. நேரம் போகுது."

"பேரைச் சொல்லு, குடுக்கறேன்."

அவர் உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. தாங்கள் பந்தைத் தரவில்லை. பயிற்சியாளர் கத்தினார், நம் அரங்கமே தங்களை ஏசியது, நேரம் கடத்தியதற்காக நடுவர் அணியை ஐந்து கஜம் பின்னுக்குத் தள்ளினார். மருத்துவர் களத்துக்குள் வரும்வரை கையசைத்தபடி நின்றீர்கள். மாற்று ஆட்டக்காரர் எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போனது. தோற்றோம்.

மறுநாள் காலை சலவை அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். வருத்தமாக இருக்கிறதா என்று டார்லீன் கேட்டார். "தோத்தது வலிக்குதும்மா. ராத்திரி தூங்கல. ஆனா வேற என்ன செஞ்சிருக்க முடியும்னு இன்னும் தெரியல" என்றீர்கள். அதற்குள் ஹாலோவேயின் மண்டையைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்திருந்தார்கள். இன்னொரு அடி விழுந்திருந்தால் ஆளே இல்லை என்றாராம் மருத்துவர். ஆயினும், சொல் கேட்காதவர் என்று அடுத்த பருவத்தில் தாங்கள் வகித்துவந்த அணித் தலைவர் பொறுப்பு பறிக்கப்பட்டது. ஏன் என்று ஒருவரிடமும் கேளாமல், ஆறு பருவங்கள் அதே இடத்தில் குனிந்து நின்றீர்கள்.

இனி தங்கள் முழங்கால்கள் ஓய்வு பெறட்டும். மனைவி அனாசெய்னியோடும் மக்களோடும், நோயும் நோவும் நெருங்காமல் நூறாண்டு கடந்து நலமாக வாழ்க!

இந்த மடலை இன்றைய பிரிவு விழாவில் தாமே வாசிப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் ப்ரென்டன் ஹாலோவே. சில சொற்கள் அவருக்கு இன்றும் தாமதமாகத்தான் வருகின்றன. வாசிப்பில் அவர் நின்றுவிடும் இடங்களில் நாம் எல்லோரும் காத்திருப்போம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
உடை அறை, சலவை அறை, சமையலறைப் பணியாளர்கள்
டொலீடோ