சுவரை ஒட்டி வைத்த சப்வூஃபர்

கடையில் நான் முதலில் கேட்டுப் பார்த்த சப்வூஃபர் எட்டு அங்குலமா பத்து அங்குலமா என்பது சரியாக நினைவில்லை. என் நினைவை நானே முழுதாக நம்புவதில்லை. விலை ஆறாயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டது மட்டும் உறுதி.

கடைக்காரர் சிவக்குமார் பொறுமையானவர். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, அவரை உள்ளறைக்குப் போய்ச் சுவரில் கையால் தட்டச் சொன்னேன். நான்காவது முறை திரும்பி வந்து சிரித்தார்.

"அண்ணே, எல்லாரும் என்ன கேக்குதுன்னு பாத்து வாங்குவாங்க. எது கேக்கலைன்னு பாத்து வாங்குற மொத ஆளு நீங்கதான்."

நானும் சிரித்தேன். சாதாரண ஸ்பீக்கர் பேச்சை மறைக்கும். சுவரில் தட்டுவதை மறைக்காது. அதற்கு சப்வூஃபரின் இந்தக் கனத்த, அதிரும் சத்தம்தான் வேண்டும்.

"சுவத்த ஒட்டி மட்டும் வச்சிராதீங்க. அடுத்த ரூம்ல ஆளு இருக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டின் அடுத்த அறையில் என் அண்ணன் மலையாண்டி படுத்திருந்தார். லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய், இடது கை மட்டும் மிஞ்சியது. என் மனைவி பாண்டிச்செல்விதான் அவரைச் சுவரில் தட்டப் பழக்கினாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் சிறுநீர். விடாமல் தட்டினால் மூச்சு அடைக்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்துச் சளியை எடுக்க வேண்டும். அரை நிமிட வேலை. அவள் பசுமலைப் பள்ளிக்கு வேலைக்குப் போனபின் அது என் பொறுப்பு.

நான் ஒரு பக்கம் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருப்பவன். அந்த நேரம் பார்த்துத்தான் தட்டுவார். இரைச்சலில் எப்படிப் படிப்பாய் என்று கேட்பீர்கள். யாரும் நம்மைக் கூப்பிடாத இரைச்சலும் ஒரு வகை அமைதிதான்.

சப்வூஃபரைப் பொதுச்சுவரை ஒட்டி வைத்தேன். பாண்டிச்செல்வி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வீட்டுக்கு வாங்குனீங்களா, திருவிழாவுக்கு வாங்குனீங்களா? மாமாவுக்குத் தல வலிக்காதா?"

"அவருக்கும் பொழுது போகட்டும்" என்றேன்.

அந்த வாரத்தில் இருமுறை அவர் படுக்கை நனைந்திருந்தது. கேட்கவில்லை என்றேன். அது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அவள் வந்து, நேராக அவர் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் எதிரே நின்றாள்.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கல."

"எம்புட்டு நேரமாச்சோ பாவம், உடம்பு குளுந்து கெடக்கு."

"மூணு அம்பதுக்கு நின்னுச்சு" என்றேன்.

எது நின்றது என்று அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தபடியே சுவிட்சை அணைத்தாள்.

காதுக்குக் கேட்கவில்லைதான். ஆனால் என் உள்ளங்கை சுவரில் இருந்தது. பாட்டின் அதிர்வு சீரானது. அண்ணனின் கை அப்படி இல்லை. மூன்றே முக்காலுக்கு விடாமல் தட்டத் தொடங்கினார். நான் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கையைத் திரும்பவும் சுவரில் வைத்தேன். நிற்கும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணனை எரித்தோம். டாக்டர் சளி அடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். பாண்டிச்செல்வி சோழவந்தானில் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் ஒத்தக்கடை வீட்டிலேயே இருக்கிறேன். இதுவரை போலீஸிலிருந்து யாரும் என்னை விசாரிக்கவில்லை. அதனால் நானே எழுதிக் கொடுக்கிறேன்.