தீப்தியின் பந்தில் ஒரு நீலப் புள்ளி

என் பெண் தீப்தியின் பௌலிங் பந்தை ஆள் வைத்து இரண்டாக அறுத்ததற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, மஹாதேவன் சார். அறுத்தவனிடம்தான் கொஞ்சம் குறை. மழுங்கின பிளேடு, ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் நானே பதமாக அறுத்துக் கொடுத்திருப்பேன். முப்பத்தொரு வருஷம் துறைமுகப் பட்டறையில் மெஷின் முன்னால் நின்றவன் நான். உட்காருங்கள். மனைவி ஷியாமளா கோயிலுக்குப் போயிருக்கிறாள், தீப்தி தூங்குகிறாள்.

என் மனைவியைக் கேட்டால் இந்தப் பந்து முழுக்க ஒரே கட்டி என்பாள். நீங்கள் கோச், உங்களுக்குத் தெரியும். உள்ளே கோர் என்று கனமான கட்டை ஒன்று, கோணல் மாணலாக உட்கார்ந்திருக்கிறது. அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்டத்தான் கம்பெனிக்காரன் வெளியே ஒரு நீலப் புள்ளி வைக்கிறான். புள்ளியை அனுசரித்து விரல் ஓட்டை போட்டால் பந்து கடைசியில் சட்டென்று வளைந்து எதிரே நிற்கிற பத்து மரப் பின்னையும் வாரிக்கொண்டு போகும். இடம் மாற்றிப் போட்டால் அதே பந்து ரிடையரான ஆபீசர் மாதிரி சாதுவாக நேரே போய்ச் சேரும். சின்ன வயசிலிருந்து அவள் பந்துகளுக்கெல்லாம் ஓட்டை போட்டது இந்தக் கைதான்.

போன வருஷம் அந்த அமெரிக்கக் கல்லூரிச் சமாசாரம் வந்தது. பெங்களூர் செலக்‌ஷனில் ஜெயித்தால் அங்கே நாலு வருஷம் இலவசப் படிப்பு. நாலு வருஷம் என்று போனவர்கள் திரும்பி வருகிறார்களா சார்? எதிர் ஃபிளாட் சாட்டர்ஜியின் பையன் துர்கா பூஜையை டொரண்டோவிலிருந்து போனில் பார்க்கிறான். சாட்டர்ஜி போனை அம்மன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதெப்படி? பெண் ஆசைப்படுவதைத் தடுக்கிற பழைய காலத்து அப்பா இல்லை நான்.

புதுப் பந்து விஸ்வகர்மா பூஜைக்கு முதல் நாள் வந்தது. அவள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் நான் பிரித்தேன். நீலப் புள்ளியைக் குடைந்து எடுத்து, பந்தின் கறுப்பு நிறத்திலேயே ரெசின் பசை ஊற்றித் தேய்த்தேன். நாலு விரற்கடை தள்ளி இன்னொரு நீலப் புள்ளி வைத்தேன். மறுநாள் தீப்தி சிநேகிதி வீட்டு மொட்டை மாடியில் பட்டம் விடப் போனபோது பின் அறை மெஷினில் ஓட்டையும் போட்டாயிற்று. பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்பது பட்டறை வழக்கம். அதை மீறியது என் தப்புதான், மறைக்கவில்லை. சாயங்காலம் மெஷினுக்கும் பந்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

செலக்‌ஷனில் தோற்பாள், இரண்டு நாள் அழுவாள், இங்கேயே செக்டர் ஃபைவில் ஏதாவது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேருவாள். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். பந்து வளையவில்லை என்றதும் பந்தைச் சந்தேகப்படுவாளோ என்று மட்டும் பயம் இருந்தது. அவள் படவில்லை.

"அப்பா, நீ போட்ட ஓட்டை தப்பாப் போகாது. என் கைதான் சரியாத் திரும்ப மாட்டேங்கறது" என்றாள்.

கையை இன்னும் திருப்பினாள். தினம் இருநூறு தடவை, ஆறு கிலோவுக்கு மேல் கனம். இன்னும் திருப்பு என்று நீங்களும்தான் சொன்னீர்கள், நான் குறை சொல்லவில்லை. நியூ டவுன் பௌலிங் கூடத்தில் ஆடிவிட்டு வீங்கின மணிக்கட்டோடு வருவாள். ஐஸ் பையை வைத்துப் பிடித்தது நான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். திறந்திருந்தால் அப்பாமேல் வைத்த நம்பிக்கை போயிருக்குமே சார். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது?

நவம்பரில், செலக்‌ஷனுக்கு முன்னாலேயே, நரம்பு அறுந்தது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் வலது கையால் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை. செய்தது நான்தான், ரங்கராஜன் என்று முழுப் பேரோடு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னுவது நான். தயிர் சாதம் பிசைந்து ஊட்டுவதும் நான். இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

போன வாரம், "அப்பா, இடது கையால போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். மாதக்கணக்காகப் பேயறைந்த மாதிரி கிடந்த குழந்தை அன்றைக்குத்தான் சிரித்தாள். எப்படி வேண்டாம் என்பேன்? உடனே பந்துக்கு ஆர்டர் கொடுத்தேன், நேற்று வந்துவிட்டது. பின் அறையில் மேஜைமேல் இருக்கிறது, போகிறபோது பார்த்துவிட்டுப் போங்கள்.

கை மட்டும் வைத்துவிடாதீர்கள் சார், புள்ளி இன்னும் காயவில்லை.