கல்லுக்கு அடியில ஒரு டப்பா

அங்க இல்லிங்க நைனா. அந்தப் போனு காட்டுற எடத்துல என் நாத்துதான் கீது, மிதிச்சிடாதீங்க. வரப்பு மேலயே வாங்க. காலையிலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன், பழைய ரைஸ் மில்லாண்ட நிக்கிறீங்க, அப்பால ஏரி மதகாண்ட குனிஞ்சு எழுத்து வெட்டுன கல்ல படிக்கிறீங்க. கோயிலுக்கு எத்தினி கலம் நெல்லு அளக்கணும்னு வெட்டி வெச்சிகீறாங்க அதுல. இன்னிக்கி ஏரியே பாதி பிளாட்டு. நான் உங்கள கம்பெனிக்கு நெலம் பாக்க வந்த புரோக்கர்னு நெனச்சேன்.

திரும்ப ஒருதபா சொல்லுங்க. யாரோ டப்பாவ ஒளிச்சு வெக்கிறது, யாரோ போன வெச்சுத் தேடி எடுத்து, நோட்டுல பேரு எழுதிட்டு அங்கியே வெச்சிட்டுப் போறது. அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியா? வெளையாட்டா?

எல்லைக் கல்லுக்கு அடியிலன்னு போட்டுகீதா. கல்லு அதோ நிக்குது பாருங்க. ஆமா, முப்பதடி இருக்கும். போனு தப்பா காட்டுது நைனா. மில்லாண்ட இருந்த டப்பாவ சரியா காட்டுச்சா? மதகுலயும்? ம்.

இன்னா போட்டோ? கொஞ்சம் தள்ளிப் புடிங்க, கண்ணாடி ஊட்ல கீது. இது தர்ஷினி ஆச்சே. என் தம்பி திருமலையோட பொண்ணு. பக்கத்துல பல்ல காட்டிக்கினு நிக்கிறவன் அவன்தான். இவளா வெச்சா? ஆறு வருஷம் ஆச்சா? காலேஜ் படிக்கசொல்ல எப்பப் பாரு போன தூக்கிக்கினு வயல்ல சுத்துவா.

இந்தக் கல்லாலதான் எனக்கும் அவனுக்கும் கேசு. அப்பா போனப்பறம் பத்திரம் எதுவும் இல்லாம நாங்களே பாகம் பிரிச்சு நட்ட கல்லு. நாலு பேரு சாட்சிக்கு நின்னாங்க. மூணு பேரு செத்துட்டாங்க, மிச்சம் ஒர்த்தரு என் மச்சான். கல்லு நவுந்துடுச்சுன்னான் திருமலை. நவுல்லன்னேன் நான். மூணு வருஷம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போவோம், அவன் முன்னால சீட்டு, நான் கடைசி சீட்டு. சாட்சி இல்லன்னு கேச தள்ளிட்டாங்க. கல்லு மொதல்ல நின்ன எடம் உங்க போன்ல கீது, அதான் சாட்சி, பாருங்க. யாருக்கும் தோணல.

அவன் போட்ட போர்வெல்லு என் பக்கம் வந்துடுச்சு. தண்ணி இல்லாத நெலத்துல இன்னா வெளயும்? கரம்பா போட்டுட்டு, கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனி கேட்டாண்ட வாட்ச்மேனா போனான். போன தை மாசம் நாற்காலியில உக்காந்தபடியே போய்ட்டான். ஆம்பளப்புள்ள இல்ல, கொள்ளி வெக்க எனக்கு ஆள் அனுப்புனாங்க. நான் போவல.

ஏன் போவலன்னா... வாங்க, இந்த மோட்டார் கொட்டாயிக்கு வாங்க. தல பாத்து, கூரை தாழ. இந்தாங்க. நீங்க தேடுற டப்பா இதுதான? மஞ்சத்துணி நான் சுத்துனது. பூசாரி சொன்னாரு, எரிக்காத, தண்ணியில உடாத, திரும்பி உன் மேலயே வரும்னு. அஞ்சு வருஷமா இப்பிடியே தொங்குது. எங்க ஊட்டுப் பொம்பளைக்குக்கூட தெரியாது.

ஆடி மாசம், நல்ல மத்தியானம். அவன் வெதநெல்லு வாங்க பொன்னேரிக்குப் போயிருந்தான். என் போரு காஞ்சு கெடந்துச்சு. கடப்பாரை எடுத்துக்கினு வந்துட்டேனே தவிர, ரெண்டு தபா பாதி வழி திரும்பிப் போய்ட்டு வந்தேன் நைனா. கூடப்பொறந்தவன் நெலமாச்சே. கல்ல புடுங்குறேன், அடியில இது. சின்னதா பொம்மை, பொம்பளப்புள்ள கிளிப்பு, நோட்டுல வரிசையா இங்கிலீஷ்ல பேரு. நீங்களா இருந்தா இன்னா நெனப்பீங்க? திருமலை எனக்கு சூனியம் வெச்சிட்டான்னு நெனச்சேன். அதோட தயக்கம் போயிடுச்சு. நிம்மதியா இருந்துச்சுன்னுகூட சொல்லலாம். அவன் பக்கமா முப்பதடி தள்ளி நட்டுட்டு, போய் சோறு துண்ணுட்டுப் படுத்தேன்.

மொதப் பக்கத்துல இன்னா எழுதிகீறா? எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்ல சொல்லுங்க.

எங்கப்பாவும் பெரியப்பாவும்... சண்ட போடாம பிரிச்சுக்கினு நட்ட கல்லு. ம். அப்பிடியா எழுதிகீறா.

இல்ல, ஒண்ணுமில்ல. வெயிலு. நீங்க பேரு எழுதுங்க, அதுக்குத்தான வந்தீங்க. போன்லயும் எழுதணுமா? அப்போ கல்ல தள்ளி நட்டது பெரியப்பா பச்சையப்பன்தான்னு சேத்து எழுதுங்க. தர்ஷினிக்குப் போவும் இல்ல?

அவ அந்தப் போன் வெளையாட்டுப் பக்கம் வந்தே அஞ்சு வருஷம் ஆச்சா. நம்பரும் மாத்திட்டா. பரவால்ல, எழுதுங்க. வேற யாருனா படிக்கட்டும்.